மூன்றாவது சரணம்

அப்பா பெல்ட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஞானஜோதி ஓரக்கண்ணால் அதையே பார்த்தாள்.

சர்ச்சுக்குப் போய் வந்ததும் ஞாயிறுதோறும் கழற்றுகிற பெல்ட்தான். ஆனால் மற்ற ஞாயிறுகளில் அப்பா வேதசிரோமணி அதைக் கொடியில் மாட்டிவிட்டு, சாப்பிட்டுத் தூங்கப் போய்விடுவார். இன்று வாசல் அறையிலேயே நாற்காலியைப் போட்டு, பைபிளை மடியில் விரித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

எதிரே துரையின் சைக்கிள் கடையில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. சிலோன் ஸ்டேஷன், நேயர் விருப்பம். இன்னும் சற்று நேரத்தில் பாட்டுக் கேட்டவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அதில் தன் பெயர் வந்துவிட்டால், டீச்சர் டிரெயினிங்குக்கு முழுக்குப் போட்டுவிட்டு அப்பா பார்த்துவைத்திருக்கும் குரோம்பேட்டை குமாஸ்தாவுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

"சினிமாப் பாட்டு இந்த வீட்டுக்குள்ள வந்தா, படிப்பு வெளியே போயிடும்" என்று சொல்லியிருந்தார் அப்பா. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், சொன்னால் செய்துவிடுகிற மனிதர். போன வருஷம் அண்ணன் சுந்தர்சிங்கின் டிரான்சிஸ்டரைப் பிடுங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். ராத்திரியில் பிள்ளைகள் தூங்குகிறார்களா என்று டார்ச் அடித்து வேறு பார்ப்பார். அந்த டார்ச்சுக்கு பாட்டரி வாங்கியே மாளவில்லை என்று அம்மா புலம்பாத மாதம் கிடையாது.

அந்த அம்மாவும் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அடி விழுந்தால் குறுக்கே வந்து தடுக்கக்கூட வீட்டில் ஆளில்லை.

எல்லாம் சிநேகிதி சரோஜினியால் வந்த வினை. "உங்கப்பாவுக்குத் தெரியாம சிலோனுக்கு ஒரு கார்டு போடேன், பார்ப்போம்" என்று உசுப்பிவிட்டாள். இவளும் வீறாப்பில், 'ஓடக்காரி பாட்டைப் போடவும், மூன்று சரணம் உள்ள இசைத்தட்டையே போடவும்' என்று எழுதி, அப்பா பெயரோடு சேர்த்துத் தன் பெயரையும் கொட்டை எழுத்தில் போட்டுத் தொலைத்தாள்.

அந்த மூன்றாவது சரணம் தாம்பரத்தையே இரண்டு கட்சியாக்கியிருந்தது. அந்தப் பாட்டுக்குச் சினிமாப் படத்தில் இரண்டு சரணம். கடையில் விற்கிற ரிக்கார்டிலும் இரண்டுதான். ஆனால் ஓடக்காரி தன்னந்தனியாக அழுதுகொண்டே பாடுகிற மூன்றாவது ஒன்று உண்டு, அந்தத் தட்டு சிலோனில் மட்டும் இருக்கிறது என்று ஒரு வதந்தி.

எதிர்க்கடையில் இப்போதும் அதே சண்டை.

"மூணாவதும் கெடையாது, முப்பதாவதும் கெடையாது. இருந்திச்சின்னா என் பாதி மீசைய வழிச்சிக்கிறேன், இன்னா சொல்றே?" துரையின் குரல்.

"ஊரப்பாக்கத்துல என் மச்சான் காதால கேட்டுகீறான்யா! போன மாசம் ராத்திரில போட்டாங்களாம். கேட்டுட்டு அய்துகீறான். இல்லாட்டி என் மீசை போவட்டும்!" இது பஞ்சாலையில் வேலை பார்க்கும் ஏகநாதன்.

ஜோதி தையல் மிஷினில் போய் உட்கார்ந்து, ஒரு பழைய பாவாடையைக் கொடுத்து வேக வேகமாக மிதித்தாள். அந்தக் கடகடப்பில் எந்தப் பெயரும் யார் காதிலும் விழாது.

"ஞாயித்துக்கிழமை தையலா? நிறுத்து" என்றார் அப்பா.

நிறுத்தினாள். எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். துரை ரேடியோவைத் திருகிய மறு நிமிஷம் அப்பாவே படாரென்று சாத்துகிற ஜன்னல்தான் அது.

"இருக்கட்டும். காத்து வரட்டும்."

மார்கழிக் குளிரில் காற்றா? யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறார். ஆண்டவரே, அந்தக் கார்டு கப்பலிலிருந்து கடலில் விழுந்திருக்கட்டும் என்று கண்ணை மூடி ஜெபித்தாள்.

ஆண்டவர் கேட்கவில்லை. "அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர், கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேதசிரோமணி ஞானஜோதி" என்றது ரேடியோ, தேன் ஒழுகும் குரலில்.

"டேய், நம்ம சார் பொண்ணுடா!" என்று எதிர்க்கடையில் யாரோ சொன்னது இங்கே வரை கேட்டது.

அப்பா பைபிளை மூடி வைத்தார். அவளை ஒரு பார்வை பார்த்தார்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. பல்லவி திரும்ப வந்து, வயலின்கள் எழுந்து மெல்ல அடங்கின.

"முட்ஞ்சிபோச்சி! எட்றா கத்திய, வழிடா மீசைய!" என்று துரை கூவ, கடையே விசிலடித்துக் கூத்தாடியது.

அப்பா விருட்டென்று எழுந்தார். முகம் சிவந்திருந்தது. மேஜைமேல் கிடந்த பெல்ட்டைக் கையில் எடுத்தார்.

"இனிமே செய்யமாட்டேம்ப்பா... படிப்பை மட்டும் நிறுத்திடாதீங்கப்பா..." ஜோதி அழுதுகொண்டே சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

அவர் அவளைத் தாண்டிப் போய், ஜன்னல் கம்பியில் பெல்ட்டால் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"டேய் துரை, வாயை மூடுங்கடா! எம்பொண்ணு கேட்ட பாட்டுடா, போன மாசம் ராத்திரி நானும் கேட்டேன், மூணாவது சரணம் இனிமேதான் வரும்!"