இரண்டாம் லெவலில் ஒருத்தி

“மூண்டு பூதத்தை வெட்டி விழுத்தியிரிக்கா. ஒரு பொயின்ட் கூடக் குடுக்க மாட்டீங்களா, அண்ணன்?”

நஸ்ஹா மேசையில் தட்டினாள். அஜந்தாவுக்காக வழக்காடுவது எப்போதும் அவள்தான்.

“வெட்டினதுக்குப் பொயின்ட் இல்ல,” என்றான் ஜெயந்தன். “கதைச்சாத்தான் பொயின்ட்.”

களுதாவளையில் நிலோஜன் நடத்தும் டியூட்டரி அது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வகுப்பில்லை. நாலு பேரும் அங்கே கூடி, மேசையைச் சுற்றி இருந்து கதை விளையாட்டு விளையாடுவார்கள். ஜெயந்தன்தான் கதையை நடத்துகிறவன். வழியில் வருகிற பூதம், வியாபாரி, ராசா எல்லாருக்கும் அவனே குரல். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். தாயக்கட்டையை உருட்டி, ஆபத்தைத் தாண்டி, பொயின்ட் சேர்த்தால் பாத்திரம் லெவல் ஏறும். நஸ்ஹாவின் மந்திரக்காரி இப்போது ஐந்தாம் லெவல். நிலோஜனின் திருடனும் ஐந்து. அஜந்தாவின் வீராங்கனை மட்டும் இரண்டிலேயே நின்றாள்.

முன்பு வெட்டுக்கும் பொயின்ட் இருந்தது. மாரி மழை தொடங்கிய நாட்களில் ஜெயந்தன் திடீரென்று சட்டத்தை மாற்றினான். அதுவரை வழிநெடுக வாயாடிக்கொண்டு வந்த வீராங்கனை, அதே நாட்களிலிருந்து எதிரே வந்த எவரிடமும் வாய் திறக்கவில்லை. வாளை உருவுவாள், வெட்டுவாள், போவாள்.

“போன கிழமை இவன் மரத்தோட கதைச்சான். அதுக்கும் பொயின்ட் குடுத்தீங்க,” என்றாள் நஸ்ஹா.

“அது நல்ல மரம்,” என்றான் நிலோஜன்.

அஜந்தா சிரித்தாள். கிழமையில் அவள் சிரிக்கிற ஒரே இடம் இதுதான். இன்றைக்கு அதுவும் போய்விடும் போலிருந்தது. கதையில் அவர்கள் கல்நகரத்தின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூன்றாம் லெவலுக்குக் கீழே உள்ளவர்கள் உள்ளே போக முடியாது. மற்ற இருவரும் போனால் கதையும் அவர்களோடு போய்விடும். வெளியே நிற்கிறவளுக்கு இந்த மேசையில் என்ன வேலை?

“புதுசா ஒரு ஆளைச் செஞ்சு தாறன்கா,” என்றான் நிலோஜன். “நேரா அஞ்சாம் லெவல்ல.”

“வேணாம்,” என்றாள் அஜந்தா. பாதி வழியில் ஆளை மாற்றுவது அவளுக்குப் பிடிக்காது.

“அப்ப வாசல்காரனோட கதைக்கட்டும்.” ஜெயந்தன் நஸ்ஹாவைப் பார்த்துச் சொன்னான். “கதைச்சா மூண்டாம் லெவல்.”

“ஒரு வார்த்தைதானே, அக்கா. சும்மா ‘கதவைத் திற’ண்டு சொல்லுங்களன்.”

ஒரு வார்த்தைதான். அஜந்தா கட்டையை உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கினாள். ஒன்றைச் சொன்னால் அதன் பின்னால் வரிசையாக நிற்கிறவையும் வந்துவிடுமே என்பதுதான் அவளுடைய பயம்.

ஜெயந்தன் தொண்டையைச் செருமி, வாசல்காரனின் கரகரத்த குரலில் தொடங்கினான்.

“வீராங்கனையே! இத்தனை தூரம் வந்தும் நீ ஏன் ஒருவரோடும் பேசுவதில்லை?”

நஸ்ஹா அஜந்தாவை முழங்கையால் இடித்தாள்.

“ஒருத்தன் என்ட குதிரையை வித்துட்டான்,” என்றாள் அஜந்தா. “என்னைக் கேக்காம.”

“குதிரையா?” நிலோஜன் நிமிர்ந்தான். “நம்மட கூட்டத்தில எப்ப குதிரை இருந்த?”

“வாயை மூடு. அவ இப்பதான் கதைக்கத் தொடங்கியிரிக்கா,” என்றாள் நஸ்ஹா.

“அவன் நல்லதுக்கென்றே செய்திருப்பான்,” என்றான் வாசல்காரன்.

“கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தால்?”

“நானே வித்துக் குடுத்திருப்பன்.”

அடுத்து வந்த வாசல்காரனின் குரலில் கரகரப்பு இல்லை.

“பிழைதான். மன்னிச்சுக்க.”

“வாசல்காரன் என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கிறான்?” என்றான் நிலோஜன். “குதிரையை வித்தது அவனா? எனக்கு ஒண்டும் விளங்கல்ல.”

“உனக்கு மரத்தோட கதைக்கத்தான் தெரியும்,” என்றாள் நஸ்ஹா.

அஜந்தா கட்டையை மேசையில் வைத்தாள். “சரி,” என்றாள். “கதவைத் திற.”

“மூண்டாம் லெவல்,” என்று அறிவித்தான் ஜெயந்தன்.

நஸ்ஹா கைதட்டினாள். கல்நகரத்தின் கதவு திறந்தது. மூவரும் உள்ளே போனார்கள்.

“முதல் நாளே கதைச்சிருந்தா இப்ப அஞ்சு,” என்று முணுமுணுத்துக்கொண்டே, ஆட்டம் முடிந்த டியூட்டரியின் யன்னல்களை நிலோஜன் சாத்தினான்.

நஸ்ஹா காத்தான்குடி பஸ்ஸுக்கு ஓடினாள். ஜெயந்தன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். அஜந்தா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். களுவாஞ்சிகுடியைத் தாண்டினார்கள். கல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது, ஆற்றுக் காற்றை மீறிக் கேட்கும்படி அவன் காதருகே குனிந்தாள்.

“ராவைக்கு என்ன கறி ஆக்கிற?”

சொல்லாமல் கொள்ளாமல் தன் ஸ்கூட்டியை விற்ற புருசனிடம், மாரி தொடங்கியதிலிருந்து அஜந்தா நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.