ட்ரோன் மேல் ஒரு புகார்

"இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது சார்" என்று சொல்லி, அந்தப் பெண் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். மாடி ஜன்னல் ஒன்றிலிருந்து சாம்பல் நிற ட்ரோன் வெளியே வந்து, கூரைகளுக்கு மேல் ஏறி மறைவது திரையில் ஓடியது.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். காவல் நிலையத்தில் ட்ரோன் பிரிவு தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. பிரிவு என்றால் அவரும், தொலைந்த பொருள்கள் அறையில் யார் யாரோ விட்டுப்போன குடைகளுக்கு நடுவே போட்ட ஒரு மேசையும்தான். இதுவரை வந்த ஒரே புகார், காற்றாடி பற்றியது.

"யாருன்னு தெரியுமா?"

"பதினாலாம் நம்பர் கட்டடம், மூணாவது மாடி. தினமும் காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை." மருந்துக்கடை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். "சீக்கிரம் சார், சாப்பாட்டு இடைவேளைல வந்திருக்கேன்."

அவர் 'புதிதாக ட்ரோன் பறக்கவிடுவோருக்கான விதிகள்' என்ற கையேட்டைத் திறந்தார். அது அவருக்கு மனப்பாடம். இருந்தாலும் திறந்து வைத்துக் கேட்டால் ஒரு மரியாதை.

"எடை எவ்வளவு இருக்கும்? தோராயமா சொன்னா போதும்."

"இருநூத்து நாப்பத்தொன்பது கிராம்."

அதிகாரி கையேட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மருந்துக்கடைல வேலை சார். கண்ணு பழகிடுச்சு."

"இருநூத்தம்பதுக்குக் கீழ. அப்ப பதிவு பண்ண வேண்டியதில்ல" என்றார் சுரத்தில்லாமல். "நூத்திருபது மீட்டர் உயரத்தைத் தாண்டுதா?"

"அதுல பாதிகூடப் போகாது."

"பக்கத்துல விமான நிலையம்?"

"இல்ல."

"அடுத்தவங்க ஜன்னலை எட்டிப் பாக்குதா? கூட்டத்துக்கு மேல சுத்துதா?"

"பொய் சொல்லக்கூடாது சார். யார் ஜன்னல் பக்கமும் போகாது. நேரா பஸ் டிப்போ வரைக்கும் போகும். ஒரு சுத்து சுத்தும். திரும்பி வந்துடும்."

அதிகாரி கையேட்டை மூடினார். "அம்மா, இவ்வளவு ஒழுங்கா ட்ரோன் விடுற ஆளை நான் கேள்விப்பட்டதே இல்ல. இவருக்கு நாங்கதான் பாராட்டுக் கடிதம் கொடுக்கணும்."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. "இன்னொரு தடவை பாருங்க சார். இத்தனை விதி போட்டிருக்கீங்க, ஒண்ணுலகூடவா மாட்ட மாட்டார்?"

அவருக்கும் மனது கேட்கவில்லை. ட்ரோன் பற்றி வந்த முதல் புகார். வெறுங்கையோடு எப்படி அனுப்புவது?

"ஒரு நிமிஷம். அந்த ஜன்னல்லேருந்து பாத்தா டிப்போ தெரியுமா?"

"எங்கே தெரியும்? நடுவுல எட்டு மாடிக் கட்டடம் ஒண்ணு மறைக்குதே."

"மாட்டினார்!" அதிகாரி மேசையைத் தட்டியதில் சுவரோரம் சாய்த்திருந்த குடை ஒன்று சரிந்தது. "விதி ஒன்பது. பறக்கவிடுறவர் கண்ணுக்கு ட்ரோன் எப்பவும் தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும். ரூமுக்குள்ள உக்காந்து திரையைப் பாத்து ஓட்டுறதெல்லாம் செல்லாது."

"அப்ப வீட்டுக்குள்ளேருந்து விடக்கூடாதா?"

"கூடவே கூடாது. வெட்டவெளில வந்து நின்னுதான் விடணும்."

"அதை எழுதுங்க சார்." அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கொட்டை எழுத்துல எழுதுங்க. தெருமுனைல ஒரு மைதானம் இருக்கு. அங்கேதான் விடணும்னு அதையும் சேத்துக்குங்க."

"ட்ரோனையே பறிமுதல் பண்ணிடலாம்மா. அபராதமும் போடலாம்."

"ஐயையோ, பறிச்சுடாதீங்க! காரியமே கெட்டுது. எச்சரிக்கை போதும். தபால்ல அனுப்புங்க. முத்திரை மட்டும் பளிச்சுன்னு விழணும்."

பறிமுதலே வேண்டாம் என்கிற புகார்தாரரை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் எழுதினார். முத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் குத்தினார். பிறகு புகார்ப் படிவத்தை எடுத்து, கடைசிக் கட்டத்துக்கு வந்தார்.

"உங்களுக்கும் அவருக்கும் முன்விரோதம் ஏதாவது உண்டா?"

"கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகுது."

பேனா நின்றது.

"உங்க வீட்டுக்காரரா?"

அவள் தலையசைத்தாள்.

"ஏம்மா, புருஷன் பொண்டாட்டி சண்டையைத் தீத்துக்க ஸ்டேஷன்தான் கெடச்சுதா?"

"சண்டையெல்லாம் இல்ல சார். நான் கெஞ்சிப் பாத்துட்டேன். டாக்டர் சொல்லிப் பாத்துட்டார். இவரோட தங்கச்சி வந்து அழுது பாத்துட்டா. யார் பேச்சும் ஏறல. சட்டம்னா மட்டும் மீற மாட்டார். இருபத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவர், ஒரு மஞ்சள் விளக்கைக்கூடத் தாண்டினதில்ல. அந்த ஒரு விபத்துலயும் இவர் மேல தப்பில்லன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. இவர்தான் ஒத்துக்க மாட்டேங்கறார்."

"அது சரி. பாவம், மனுஷன் ஜன்னல்லேருந்து ஏதோ விட்டு ஆறுதல் பட்டுக்கிட்டிருக்கார். அதுக்குப் போய் நோட்டீஸா?"

அவள் முத்திரையின் ஈரத்தை மெல்ல ஊதிவிட்டு, தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"அவர் வாசப்படி தாண்டிப் பதினோரு மாசம் ஆச்சு சார்."