ஒரு வருடத்திற்குப் பிறகு

“இந்த டைரக்டர் மட்டும் என் கையில கிடைச்சான்னா, கரண்டியைக் காய்ச்சி ஒரு இழுப்பு இழுத்துடுவேன்” என்றாள் பாமா.

டிவியில் அப்போதுதான் தொடர் ஆரம்பித்திருந்தது. வெள்ளிக்கிழமை எபிசோடில் அந்த வீட்டுப் பெரியவர் மாரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். இன்று திங்கட்கிழமை. கறுப்புத் திரையில் ‘ஒரு வருடத்திற்குப் பிறகு’ என்று வெள்ளை எழுத்தில் போட்டார்கள். அடுத்த காட்சியில் அதே வீட்டு வாசலில் வாழைமரம். பேத்திக்கு நிச்சயதார்த்தம். பெரியவரின் மனைவி பட்டுப்புடவையில் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“வெள்ளிக்கிழமை செத்தவருக்குத் திங்கட்கிழமை வருஷம் முடிஞ்சுடுத்தாம். நடுவுல சனி, ஞாயிறு. அவ்வளவுதான்.”

புனேயில், கட்கியின் அந்தப் பழைய வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். மகன் மாதவ் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். புதன்கிழமை காலை வாகட்டில் புது ஃப்ளாட்டின் கிரகப்பிரவேசம். பாமா வருகிறேன் என்று இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை.

“சோட் நா அம்மா. சீரியலை விடு. புதன்கிழமை நீ வரியா, இல்லையா? அதைச் சொல்லு.”

“வரலைன்னு சொன்னேனா?”

“வரேன்னும் சொல்லலையே. ஆபீஸ் முழுக்கக் கூப்பிட்டாச்சு. அடுத்த வாரம் நான் அமெரிக்கா கிளம்பணும். நீ முன்னாடி நிக்காம நான் எப்படிம்மா அந்த வீட்டுக்குள்ள கால் வைக்கறது?”

“முடியட்டும், சொல்றேன்” என்று அவள் டிவியையே பார்த்தாள்.

உள்ளேயிருந்து மருமகள் ப்ரீதி இரண்டு பட்டுப்புடவைகளோடு வந்தாள். “அம்மா, உங்களுக்கு அரக்கா, மாம்பழக் கலரா?”

“அவளைப் பாரு முதல்ல” என்று பாமா திரையைக் காட்டினாள். “ஊதாப் பட்டு. வெள்ளிக்கிழமை நெஞ்சுல அடிச்சுண்டு அழுதாளே, அந்தத் தொண்டை கூட இன்னும் சரியாகியிருக்காது.”

“பெரியவரா நடிச்ச ஆர்ட்டிஸ்ட் ஷூட்டிங்குக்கு டேட்ஸ் குடுக்காம கழண்டுண்டு இருப்பார், அதனால சாகடிச்சுட்டா” என்றாள் ப்ரீதி.

“அவர் போனது போகட்டும். போனவருக்கு ஒரு வாரம் ஒதுக்கப்படாதா? சமையல்காரி உப்புப் போட்டாளா இல்லையான்னு நாலு நாள் இழுத்தானே, அதுக்கு நேரம் இருந்துதா?”

மாதவ் சிரித்தான். “அர்ரே அம்மா, வருஷம் பூரா அழுதுண்டு இருந்தா யார் பார்ப்பா? கதை நகரணும் இல்லையா?”

“யாருக்கு நகரணும்? அவளை யாராவது கேட்டாளா?”

மாதவ் சுவரில் இருந்த தினசரி காலண்டரைக் கழற்றக் கை நீட்டினான்.

“அதைத் தொடாதே.”

“பழசும்மா. வாகட்டுக்குப் புதுசு வாங்கிண்டா போச்சு.”

“தொடாதேன்னேன்.”

அவன் கையை இழுத்துக்கொண்டான். பாமா விடவில்லை.

“அந்தக் காலத்துப் படம் எல்லாம் தங்கம்னு நான் சொல்லலை. அம்பது வயசுக் கதாநாயகன் காலேஜுக்குப் போவான். கோர்ட்டுல எவன் வேணா எழுந்து கத்துவான். கர்ச்சீப்ல ஒரு சொட்டு ரத்தம் பட்டா, அடுத்த ரீல்ல ஆள் காலி. அபத்தம்தான். ஆனா ஒரு வருஷம் போகணும்னா காலண்டர் தாள் ஒண்ணொண்ணாப் பறக்கும். இலை உதிரும், மழை பெய்யும், மறுபடி துளிர்க்கும். கதாநாயகி ஜன்னல் கம்பியைப் புடிச்சுண்டு முழுசா ஒரு பாட்டுப் பாடி முடிப்பா. அப்புறம்தான் வாசலுக்கே வருவா.”

“அஞ்சு நிமிஷப் பாட்டு. அதுலயும் வருஷம் போயிடுத்தே? அதுவும் ஃப்ராடுதானே?”

“அஞ்சு நிமிஷமாவது உக்காந்து அழ விட்டானேடா.”

ப்ரீதி புடவைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“டிவியை அணைச்சுடட்டுமா அம்மா? பி.பி. ஏறிடும்.”

“வேண்டாம். அந்த மாமியோட கையை மட்டும் பாரு, ப்ரீதி. பன்னீர்ச் சொம்பு நடுங்கறது பாரு. நன்னா நடிக்கறா. வருஷம் ஆகலைன்னு அந்த வீட்டுலயே அவ ஒருத்திக்குத்தான் தெரியும்.”

மாதவின் செல்ஃபோன் அடித்தது. “வாத்யார்தான்” என்று நிம்மதியோடு எடுத்தான். “மாமா, நீங்களே அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா.” ஸ்பீக்கரைப் போட்டு அவள் பக்கம் நீட்டினான்.

குடும்பப் புரோகிதரான வாத்தியாரின் குரல் கூடம் முழுக்கக் கணீரென்று கேட்டது.

“மாமி, மனசுல ஒரு சஞ்சலமும் வேண்டாம். மாசா மாசம் பண்ண வேண்டிய மாசிகம் அத்தனையும் சனிக்கிழமையே சேர்த்துப் பண்ணியாச்சு. ஞாத்திக்கிழமை, வருஷம் முடிஞ்சு பண்ற வருஷாப்தீகத்தையும் முன்னாடி இழுத்து முடிச்சுட்டோம். சாஸ்திரப்படி உங்காத்து மாமா போய் நேத்தோட ஒரு வருஷம் ஆயிடுத்து. இனிமே சுபகாரியத்துக்குத் தடை இல்லை, நீங்க தாராளமாப் பட்டு கட்டிண்டு கிரகப்பிரவேசத்துல நிக்கலாம்.”

பாமா எழுந்து டிவியை அணைத்தாள்.

“மாம்பழக் கலரை எடுத்து வை, ப்ரீதி” என்றாள். “பன்னீர்ச் சொம்பை நானே வாங்கிக்கறேன்.”

மாதவ் ஃபோனைப் பிடித்தபடி நின்றான். அவன் அப்பா ஸ்வாமிநாதன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் கடைசியாகத் தாள் கிழித்த காலண்டர் சுவரிலேயே தொங்கியது. அதில் இருந்தது போன மாதத் தேதி.