வலது முன்சக்கரம்

“என் கை நடுங்குதா? இதோ நீட்டறேன், நல்லா பாருங்க தம்பி. நடுங்குதா?”

டிரைவரம்மா இரண்டு கைகளையும் மேசைக்கு மேலே நீட்டினாள். அவற்றின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்தாலும் தளும்பாது. சர்வீஸ் சென்டர் சூப்பர்வைசர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அக்கா, புது வண்டி. சீட்டு மேல பிளாஸ்டிக் கவரே இன்னும் பிரிக்கலை. அதுக்குள்ள ரெண்டு தடவை கொண்டாந்தாச்சு. வீல் பேலன்ஸ் பண்ணோம், அலைன்மென்ட் பார்த்தோம், டயரை மாத்திப் போட்டோம். எங்க தலைமை மெக்கானிக் அண்ணன் ஓட்டிப் பார்த்து அதிர்வே இல்லைன்னுட்டாரு. அப்புறமும் ஸ்டியரிங் உதறுதுன்னா நான் என்ன செய்ய?”

“உதறுதே! கொஞ்ச தூரம் ஓடி, வேகம் பிடிச்ச பிறகு உதறுது. பின்னாடி உட்கார்ந்து வர்ற முதலாளிக்கே தெரியுது.”

“வண்டி ஆடுறது அவருக்குத் தெரியும். ஆட்டுறது யாருன்னு தெரியுமா?” அவன் சிரித்தான். “ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்.”

காத்திருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் கொதித்தது. பிரேக் பாதி பிடிக்கும் மண் லாரியைச் சேற்றுச் சரிவில் இறக்கிப் பழகியவள் அவள். அந்தக் கைக்கு இந்தப் பொடியன் நடுக்கம் என்று பேர் வைக்கிறான்.

“மேடையைத் தூக்கிப் பார்த்தாத்தானே கோணலா இல்லையான்னு தெரியும்? வண்டியை லிஃப்டுல ஏத்துங்க. சக்கரத்தைக் கழட்டுங்க.”

“அண்ணன் சொன்னாத்தான் ஏத்துவோம். இங்க அதான் வழக்கம். மெஷினே தப்பாக் காட்டும், அண்ணன் கை தப்பாச் சொல்லாது.”

“அப்ப நான் சொல்றது?”

“தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு டாக்டரைப் பாருங்க. காலைல உங்க முதலாளியும் போன் பண்ணி, கோளாறு வண்டிக்கா உங்களுக்கான்னுதான் கேட்டாரு. இன்னிக்கும் வண்டி நல்லா இருக்குன்னா, சாவியை இங்கேயே வாங்கி வச்சுக்கிட்டு உங்களை அனுப்பிடச் சொன்னாரு. வேற டிரைவர் வந்து எடுத்துக்குவாராம்.”

காலையில் சாவியைக் கொடுத்தபோது முதலாளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் என்று இப்போது விளங்கியது.

“வண்டிக்குக் கோளாறுன்னா கம்பெனிக்குச் செலவு. எனக்குக் கோளாறுன்னா யாருக்கும் செலவில்லை. அப்படித்தானே தம்பி?”

அவன் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அண்ணனைக் கூப்பிடுங்க. நானும் பக்கத்துல உட்கார்ந்து வர்றேன். தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்புற கதையெல்லாம் வேணாம். பெரிய ரோட்டுல நல்ல தூரம் போகணும்.”

அண்ணன் வந்தார். ஐம்பதைத் தாண்டிய, தோள் அகன்ற மனிதர். “வாம்மா” என்றதோடு சரி, பேசாமல் வண்டியை எடுத்தார். ஓட்டுவதில் ஒரு குறை சொல்ல முடியாது. நெரிசல் தாண்டியதும் வேகம் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அவள் காலடியில் வண்டித் தரை முனக ஆரம்பித்தது. சட்டென்று கையை நீட்டி ஸ்டியரிங்கின் ஓரத்தைத் தொட்டாள். தேன்கூட்டில் கை வைத்த மாதிரி விரலெல்லாம் அதிர்ந்தது.

“இதோ! இதோ உதறுது அண்ணே!”

“எங்கம்மா? வழவழன்னு போகுது.”

“விளையாடாதீங்க. கையில தெரியலையா?”

“ஒண்ணும் தெரியலையேம்மா.” சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களே! உள்ளே இருக்கிற அந்தப் பொடியன் சொல்லிக் குடுத்தானா? நீங்களும் உழைச்சுச் சாப்பிடுற ஆள்தானே? ஒருத்தி பொழப்புல மண்ணை அள்ளிப் போடுறோமேன்னு கொஞ்சமும் உறுத்தலையா?”

அவர் வண்டியைத் திருப்பினார்.

சர்வீஸ் சென்டர் வாசலில் வண்டி நின்றதும் நிற்காததுமாக அவள் குதித்து இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்தாள். வலது முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தது. சக்கரத்தின் நடுவில் விரல் நுனியை வைத்தவள், ‘ஸ்’ என்று இழுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஓடி இடது சக்கரத்தைத் தொட்டாள். வெறும் வெதுவெதுப்பு. வலது பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் தேய்கிறது. சூடும் அதனால்தான், உதறலும் அதனால்தான்.

“இறங்கி வாங்க அண்ணே! ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு என்ன வேணா சொல்லலாம். இந்தச் சக்கரத்துல கையை வச்சுக்கிட்டு, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க, சூடு இருக்கா இல்லையான்னு!”

அவர் குனிந்தார். அவள் தொட்ட அதே இடத்தில் உள்ளங்கையை முழுதாகப் பதித்தார். எடுக்கவில்லை. நிதானமாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“இல்லையேம்மா. சாதாரணமாத்தான் இருக்கு.”

அவள் பதறிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கைத் தோல் வெந்து வெளுத்திருந்தது. அவர் கண் காயத்துக்குப் போகவில்லை, சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குப் போனது.

“உன் வண்டியை இப்பவே லிஃப்டுல ஏத்தச் சொல்றேன், உள்ளே மட்டும் சொல்லிடாதேம்மா,” என்றார் கிசுகிசுப்பாக. “இங்க வர்றதுக்கு முன்னாடி கல்குவாரியில, பாறையில ஓட்டை போடுற மெஷினைப் பிடிச்சுப் பிடிச்சே செத்துப்போன கை இது. உணர்ச்சி இல்லேன்னு சொல்ல முடியாமத்தான், அதிர்வு இல்லேன்னு சொல்லிட்டிருந்தேன்.”