கொசுப் பரிசோதனை

மனித குலத்தின் இருளையெல்லாம் விரட்ட வல்லது விஞ்ஞானம் ஒன்றே என்று குழந்தைவேலு சார் முழங்கினார். அப்போது அவர் தேடிக்கொண்டிருந்தது ஒரு கொசுவை.

1987-இல், மலேசியாவில் கோலா சிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டப் பள்ளி. ஐந்தாம் வகுப்பறையில் பேய் உலாவுவதாகப் பெற்றோர் புகார் செய்ததால், மறுநாள் அறையைப் பூட்டுவதாக ஏற்பாடு. அந்த அறைதான் சாருக்கு எல்லாம்.

"பூச்சியைக் கவனிக்கணும், ஊகிக்கணும், சோதிக்கணும். பேய்க்கு ரத்தம் கிடையாது. ரத்தம் இல்லாட்டி கொசு கடிக்காது. எல்லாரையும் கடிச்சா இங்கே பேய் இல்லை. கையை நீட்டுங்க!"

ரப்பர்க்காட்டுக் கொசுக்கள் தாராளமாக வந்தன.

"ஐயோ, கடிச்சிருச்சு சார்!"

"எனக்கும் லா!"

கடைக்காரர் மகள் ஆமினாவின் கையில் மட்டும் ஒன்றும் உட்காரவில்லை. சார் மெல்ல நகர்ந்து மேசைக்குப் பின்னால் போய் நின்றார்.

"என்ன சார், பயந்துட்டீங்களா?"

"பயமா? எனக்கா?"

ஆமினா பளீரென்று தன் கையில் அடித்தாள். ரத்தம்.

"பேய் இல்லை! நிரூபிச்சாச்சு!" சார் பூரித்தார்.

"உங்க கை பாக்கி இருக்கே சார்," என்றாள் கடைசி பெஞ்சுக் கங்கா, தயங்கித் தயங்கி.

சார் சிரித்தபடி சட்டைக் கையை மடித்து, கையை மேசைமேல் வைத்தார். ஒரு கொசு வந்தது. அது அவர் கைக்குள்ளேயே இறங்கி, அடியில் இருந்த பலகையில் போய் உட்கார்ந்தது.

சார் மெதுவாகச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

அங்கே தன் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்ததை, நல்லாசிரியருக்குச் செய்த மரியாதை என்றே அவர் அதுவரை நினைத்திருந்தார்.