லைட்டு எரியுது, டிரைவ் தெரியலை

"லைட்டு எரியுது சார். ஆனா டிரைவ் தெரியலை."

சிஸ்டம் அட்மின் இதைச் சொன்னதும் முதலாளியின் முகம் கடுகடுவென்று ஆனது. மேஜையில் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி கேபிளோடு கிடந்தது. அதன் ஓரத்தில் இரண்டு நீலப் புள்ளிகள் எரிந்துகொண்டிருந்தன.

பெட்டியின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, 'கிடங்குத் தீ - ஒரிஜினல்' என்று எழுதியிருந்தது. கத்தரிக்கோலிலிருந்து குப்பைத்தொட்டி வரை எதுவானாலும் பேர் எழுதி ஒட்ட வேண்டும் என்பது அந்தச் செய்திச் சேனலில் முதலாளி போட்ட சட்டம். டேப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அங்கே பொருள்.

காலையில் ஆபீஸ் வாசலிலேயே பெண் நிருபரின் பையைத் துழாவி முதலாளி தன் கையாலேயே எடுத்த பெட்டி அது. துணிக் கிடங்கு எரிந்தபோது அவசர வழிக் கதவு வெளிப்பக்கம் பூட்டிக் கிடந்ததை அவள் படம் பிடித்திருந்தாள். கிடங்குக்காரர் கொடுக்கிற விளம்பரத்தில்தான் சேனலே மூச்சு விடுகிறது.

இன்று காலை விசாரணைக் கமிஷன் உட்காருகிறது. படம் அங்கே போனால் கிடங்குக்காரர் கம்பி எண்ண வேண்டும். போகாவிட்டால், உள்ளே மாட்டிச் செத்த தொழிலாளிகள்தான் பீடி பிடித்துத் தீ வைத்தார்கள் என்று எழுதி மூடிவிடுவார்கள். ஆபீஸ் சர்வரில் இருந்ததை முதலாளி நேற்றே அழித்துவிட்டார், மிச்சம் இந்த ஒரிஜினல்தான்.

ஆபீசில் அவளுக்கு 'வீம்புக்காரி' என்று பேர். பேருக்குப் பங்கம் வராமல் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"உன்னை வேலையை விட்டுத் தூக்கியாச்சுன்னு சொன்னேன்ல? இன்னும் ஏன் இங்க உக்காந்திருக்க?"

"தாராளமா தூக்குங்க சார். என் பொருளைக் குடுங்க, போயிடறேன். அது என் சொந்தக் காசுல வாங்கினது."

"அழிச்சுட்டுத் தர்றேன்."

"முடிஞ்சா அழிங்க."

முதலாளிக்குச் சுருக்கென்றது. கோபம் அட்மின் மேல் பாய்ந்தது. "என்னய்யா பெங்குவின், வேடிக்கையா பாக்குற?"

அட்மினுக்கு அந்தப் பட்டப்பேர் லினக்ஸால் வந்தது. விண்டோஸுக்குக் காசு கட்ட மனசு வராமல் எல்லாக் கம்ப்யூட்டரிலும் காசில்லாத லினக்ஸ் போடச் சொன்னவர் முதலாளிதான். போட்டவர் லினக்ஸின் சின்னமான பெங்குவின் பொம்மை ஒன்றைத் தன் மேஜையில் வைத்தார், அன்றோடு சொந்தப் பேர் எல்லோருக்கும் மறந்துபோனது.

பெங்குவின் கறுப்புத் திரையில் lsusb என்று தட்டினார். கீபோர்டு, மவுஸ், கேமரா என்று மாட்டியிருந்ததெல்லாம் வரிசையாக வந்தன. டிரைவ் மட்டும் இல்லை.

"கேபிளா இருக்கும் சார். சில கேபிள் கரண்டை மட்டும்தான் கடத்தும், டேட்டாவைக் கடத்தாது."

வேறு கேபிள் வந்தது. அதைப் பின்பக்கத்துப் போர்ட்டில் மாட்டினார். பிறகு dmesg போட்டு, மிஷின் தனக்குள் எழுதி வைத்துக்கொள்கிற குறிப்புகளை ஒரு வரி விடாமல் படித்தார். படித்த வரிகளையே மறுபடியும் மேலே போய்ப் படித்தார்.

"ஒரு வரிகூடப் பதியலை சார். இப்படி ஒண்ணை மாட்டினதாவே இதுக்குத் தெரியலை."

"போட்டு உடைச்சுத் தொலைச்சா என்ன?"

"உடைக்கலாம் சார். ஆனா உள்ள என்னென்ன இருந்துச்சுன்னு தெரியாமலே போயிடும். கிடங்குக்காரர் பாத்துட்டுத்தானே அழிக்கச் சொன்னாரு?"

அதுவும் சரிதான். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெங்குவின் ரீஸ்டார்ட் செய்தார், அப்டேட் போட்டார், அப்டேட் ஆடி அசைந்து வந்து சேர்ந்ததும் இன்னொரு தரம் ரீஸ்டார்ட் செய்தார்.

"சார், இங்க பாருங்க!" என்று திடீரென்று கூவினார். "முதல்ல ரெண்டு புள்ளிதான் எரிஞ்சுது. இப்ப மூணு! உசிர் வருது சார்!"

முதலாளிக்கும் உயிர் வந்தது. நாற்காலியை மேஜையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

"நீங்க தலைகீழா நின்னாலும் அதுலேர்ந்து ஒரு படம் எடுக்க முடியாது சார்," என்றாள் வீம்புக்காரி.

"பாஸ்வேர்டு போட்டு வச்சிருக்கியா? சம்பளம் வாங்கத் தெரிஞ்சுது, விசுவாசம் தெரியலையே உனக்கு?"

"சம்பளம் வேலைக்கு வாங்கினேன் சார், வாயை மூடறதுக்கு இல்ல. அந்தக் கதவைத் தட்டித் தட்டியே செத்துருக்காங்க. அதுல ஒருத்தரோட சம்சாரம் என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'படம் இருக்காம்மா?'ன்னு கேட்டாங்க. இருக்குன்னு சொல்லியிருக்கேன். அந்தச் சொல்லுக்கு முன்னாடி உங்க வேலையெல்லாம் எனக்குத் தூசு."

அவள் குரல் உடைந்தது. ஆனால் கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. பெங்குவின் தலையைக் குனிந்துகொண்டு கீபோர்டில் எதையோ தட்டினார்.

அப்போது முதலாளியின் செல் அடித்தது. கிடங்குக்காரர்.

"அண்ணே, கவலையே படாதீங்க. டிரைவ் நம்ம கையிலதான் இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல..."

"எவன் கையில இருக்கு?" மறுமுனையின் கத்தல் அறை முழுக்கக் கேட்டது. "இங்க கமிஷன் ஹால்ல உன் ஆபீஸ் படம் ஓடிக்கிட்டிருக்குய்யா! செத்தவன் பொண்டாட்டி ஒரிஜினல் டிரைவைச் சாப்பாட்டுப் பையில வச்சுக் கொண்டாந்து குடுத்துட்டா! என் பூட்டு பெரிசு பெரிசா தெரியுது!"

லைன் அறுந்தது. முதலாளி செல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மேஜையில் கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"ஒரிஜினல் அங்க இருக்குன்னா... காலையிலேர்ந்து நாம மாட்டி வச்சிருக்கிற இது என்னய்யா?"

பெங்குவின் எழுந்து நின்றார். அவசரமே இல்லாமல் கேபிளைக் கழற்றினார்.

"சார்ஜ் ஃபுல் ஆயிடுச்சு சார், அவங்க பவர் பேங்க்கை அவங்ககிட்டயே குடுத்துடலாம்."