இரண்டு மாத்திரை டப்பாக்கள்

மூட்டை தூக்குகிற அவருக்கும் மனைவிக்கும் ஒருசேர மறதி நோய். மூளையைக் காக்கும் புரதத்தைக் கூட்டுகிற மூலிகை மாத்திரைச் சோதனையில் இருவரும் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

"ஐயா, உங்க ரத்தத்துல புரதம் ரெண்டு மடங்கு ஏறியிருக்கு," என்றார் டாக்டர். "ஆனா உங்க டப்பாவுல இருந்தது மாவு. நிஜ மருந்து அம்மாவுக்குத்தான். அவங்களுக்கு ஏன் ஏறல?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "என் மாத்திரையில தலை தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. நல்லது அவளுக்குப் போகட்டும்னு முதல் வாரமே டப்பாவை மாத்திட்டேன்... இனிமேலாவது அவளுக்கு அதைக் கொடுங்க."

"சோதனை முடிஞ்சுபோச்சு, ஐயா. மருந்து இனி வராது."

மனைவி குறுக்கிட்டாள். "இவரைத் திட்டாதீங்க டாக்டர். இவரு யாரோ புண்ணியவான், ஒருநாள் தவறாம எனக்கு மாத்திரை கொடுத்தாரு."